பல்லில் கடித்த கயிறு

புன்னைத்துறையில் கடலோடு போனவர்கள் பேச ஆரம்பித்தது திருநாளன்றும் இல்லை, புயலடித்த நாளிலும் இல்லை. மீன் விலை ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் கிடந்த ஒரு சப்பென்ற செவ்வாய்க்கிழமை அது. கிளீட்டஸ் என்று ஒருத்தன், சோம்பேறி என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், ஆனாலும் சோம்பேறிதான், நைலான் நரம்பு வாங்க மறந்துவிட்டு, தன் அப்பன் காலத்துப் பருத்தி நூல்கயிற்றை ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்தெடுத்து, புழுக்கை வாசம்கூடப் போகாமல் அதிலேயே தூண்டிலைக் கட்டிக் கடலில் இறக்கினான். வள்ளத்தில் தண்ணீர் ஏறியது. இறைக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டான். அப்போது பல் வழியாக, தாடை வழியாக, மண்டைக்குள் ஏறிவந்தது அவன் அப்பனின் குரல். கிளீட்டஸுக்கு மீசை முளைக்கும் முன்னாலேயே முழுகிப்போன அப்பன், "லேய், அப்ப ஆட்ட எதுலலே கட்டிப்போட்டுருக்க?" என்று கேட்டான்.

கரைக்கு வந்து கிளீட்டஸ் சொன்னதும் ஊரில் ஒருவரும் மயங்கி விழவில்லை. "குரல் தெளிவா இருந்துச்சா, இரைச்சலா இருந்துச்சா?" என்று கேட்டார்கள். "மொதல்ல ஆட்டப் போயிப் பாருடே" என்றும் சொன்னார்கள். ஆடு அதற்குள் கோயில் தோட்டத்து முருங்கையை மொட்டையடித்திருந்தது. செத்த மனுசனுக்கு இருக்கிற கவலை உயிரோடு இருக்கிறவனுக்கு இல்லையே என்று பங்குச்சாமியார் வருத்தப்பட்டார்.

மறுநாளிலிருந்து புன்னைத்துறையே பரணில் ஏறி நின்றது. நைலான் நரம்பு வந்ததும் வேண்டாமென்று தூக்கிப்போட்ட பருத்திக் கயிறுகளைத் தேடாத வீடில்லை. ஒரு வீட்டில் அது துணி காயப்போடும் கொடியாக இருந்தது, ஒரு வீட்டில் கட்டிலுக்கு இழுத்துக் கட்டியிருந்தது, ஒரு வீட்டில் எலி அதில் குட்டிபோட்டு வைத்திருந்தது. கிடைத்தவன் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். போகப்போகச் சங்கதி விளங்கிற்று. பருத்திக் கயிறுதான் பேசும், நைலான் எத்தனை விலை போட்டு வாங்கினாலும் வாயே திறக்காது. ஒரு கயிற்றில் அந்தக் கயிற்றைப் பிடித்த கைக்காரன் மட்டும்தான் வருவான், அடுத்த வீட்டுக்காரன் வரமாட்டான். கரையில் செத்துக் கல்லறையில் கிடப்பவர்கள் எதிலும் வரமாட்டார்கள். கடல் எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. கட்டிலில் காய்ச்சல் வந்து போனவர்களின் விதவைகள், "எங்க ஆளு கடலோட போயிருக்கலாம்" என்று பொறாமைப்பட்ட காலமும் அங்கே இருந்தது, கர்த்தரே.

வள்ளத்தில் பெண்களை ஏற்றும் வழக்கம் அந்தத் துறையில் கிடையாது. அதனால் கயிறு வைத்திருக்கிற ஆண்கள் கடலுக்குப் போய், கயிற்றைக் கடித்துக்கொண்டு கேட்டு, வந்து சொல்வார்கள். அதற்குக் கூலி ஒரு குடம் நல்ல தண்ணீர். பருத்தியை உப்போடு விட்டால் இற்றுப்போகும், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். சாயங்காலமானால் கடற்கரையில் தென்னைக்குத் தென்னை கயிறுகள் காய, அதற்குக் கீழே குடமும் இடுப்புமாகப் பெண்கள் நிற்பார்கள். பொழுதெல்லாம் கயிற்றைக் கடித்துக் கடித்து ஆண்களுக்குப் பல்லைத் திறக்காமலே பேசுகிற பழக்கம் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பூசையில் 'ஆமென்' சொன்னால்கூட அது உறுமலாகத்தான் கேட்டது.

இந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் குடத்தோடு வந்து நின்றவள் ஆக்னேசம்மா.

அவள் புருஷன் ததேயு, பழைய கட்டுமரமும் பழைய கயிறுமாகத் திரிந்தவன். ஊரே ஃபைபர் வள்ளமும், மீன் கூட்டத்தைத் திரையில் காட்டுகிற கருவியும், இடத்தைக் குறித்துவைத்துக்கொள்கிற ஜிபிஎஸ்ஸும் வாங்கியபோது, அவன் மட்டும் கணியம் பார்த்தே தொழில் செய்தான். கணியம் என்றால் வேறொன்றுமில்லை, கடலில் இருந்தபடி கரையைப் பார்த்து, கோயில் கோபுரம் எந்த மலைக்கு நேரே நிற்கிறது, ஐஸ் கம்பெனிக் குழாய் எந்தப் பாறையை மறைக்கிறது என்று இரண்டு நேர்கோடு பிடித்து, அவை சேரும் இடத்தில் நங்கூரம் போடுவது. அப்படி அவனுக்கென்று ஒரு பார் இருந்தது, கடலுக்கடியில் கல்லும் பாசியும் மேடுமாக, கொழுத்த களவா மீன் குடியிருக்கிற இடம். அதன் கணியத்தை எவனுக்கும் சொன்னதில்லை. தங்கச்சி புருஷனும் தொழில் கூட்டாளியுமான சேசடிமைக்குக்கூடச் சொல்லவில்லை. ஆக்னேசம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தான். "நமக்குப் பிள்ள இல்ல, உனக்கிட்ட சொல்லாம யாருட்ட சொல்ல?" என்றான்.

அந்த ஆக்னேசம்மாதான் ஒரு விடியற்காலையில் வாசலில் நின்று, தெருவே கேட்கக் கத்தினாள். சேசடிமை அண்ணன் மாதிரி நாமும் ஒரு ஜிபிஎஸ் வாங்குவோம், ஒரு நல்ல எஞ்சின் வாங்குவோம் என்று அவள் கெஞ்சிப் பார்த்துச் சலித்திருந்தாள். "எனக்கு எல்லாம் கண்ணுல இருக்கு" என்று ததேயு சிரித்தான். சிரித்ததுதான் வினை. "அப்ப அந்தக் கயித்தையே கட்டிக்கிட்டு அழுங்க! கடலோட போயிருங்க, திரும்பி வராதீங்க!" என்றாள். அவன் போனான், திரும்பி வரவில்லை. கட்டுமரம் மட்டும் கரை சேர்ந்தது. கயிறு அதில் சுற்றியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டதெல்லாம் பேருக்குத்தான், தூங்கியதெல்லாம் பேருக்குத்தான். சொன்ன வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது. கயிற்றைக் கண்ணால் காணப் பொறுக்காமல், கூட்டாளிக்குக் கயிறு சேரும் என்கிற ஊர் வழக்கப்படி, "கொண்டு போயிருங்கண்ணே" என்று சேசடிமையிடமே கொடுத்துவிட்டாள். செத்தவர்கள் பேசத் தொடங்கியதும், ஓடோடிப்போய் அவனிடம் குடத்தை வைத்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அண்ணைக்கு நான் சொன்ன வார்த்தைய மன்னிச்சிட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சேசடிமை குடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "கேக்குதேன் தங்கச்சி" என்றான்.

மறுநாள் கரையில் இறங்கும்போதே அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிட்டானாம் ஆக்னேசு. அது என் பெண்டாட்டி கோவத்துல சொன்னது, அவள அழ வேண்டாம்னு சொல்லுன்னான்."

அங்கேயே மணலில் உட்கார்ந்து ஆக்னேசம்மா அழுத அழுகையில் பக்கத்தில் நின்றவர்களும் அழுதார்கள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றாள். பாயில் சாய்ந்தது தெரியும், விடிந்தது தெரியாது.

பிறகு வார்த்தைகள் வந்தபடி இருந்தன. ததேயு பச்சைச் சேலை கட்டச் சொன்னான். மழைக்கு முன்னால் கூரையை மாற்றச் சொன்னான். சுகருக்கு மாத்திரை தவறாமல் போடச் சொன்னான். உன் புளிக்கறி இங்கே யாருக்கும் வைக்க வராது என்றான். உயிரோடு இருந்தபோது இவ்வளவு இனிக்க இனிக்க அவன் பேசினதே கிடையாது, புளிக்கறியைப் புகழ்ந்தது கிடையவே கிடையாது, அதிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. செத்தால் மனுசன் நல்லவனாகிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள்.

சேசடிமையும் அந்த நாட்களில் வேறு ஆளாக இருந்தான். தென்னைக்குக் கீழே கூட்டம் கூட்டி, "பழசுக்கு ஈடு உண்டா மக்கா? நம்ம அப்பன்மார் பருத்திக் கயித்துல உசிர முறுக்கி வச்சிருந்தானுவ. நாமதான் நைலானுக்கு ஆசப்பட்டு நாசமாப் போனோம்" என்று தழுதழுப்பான். கேட்கிற சனம் மூக்கைச் சிந்தும். அவனுடைய வள்ளத்தில் புது எஞ்சினும், திரையில் மீன் காட்டுகிற கருவியும், ஜிபிஎஸ்ஸும் பளபளவென்றுதான் இருந்தன, அது வேறு கதை. எல்லாக் கயிறும் தென்னையில் காயும்போது ததேயுவின் கயிறு மட்டும் காயாதது ஏன் என்று ஆக்னேசம்மா கேட்டாள். "அது ராசியுள்ள கயிறு, கண்ணு பட்டுரும். வீட்டுல வச்சு நானே அலசுதேன்" என்றான். குடத்து நல்ல தண்ணீர் தினமும் அவன் வீட்டுக்குப் போயிற்று. அவன் பெண்டாட்டி, ததேயுவின் தங்கச்சி லில்லி, அதில் உலை வைத்தாள்.

ஒருநாள் சேசடிமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"சரியாக் கேக்கல்ல தங்கச்சி. தூரமா இருக்கான். ஒரே இரைச்சலு. அவன் கெடக்குறது அவன் பாருலயாம். கிட்ட வந்து கயிறு போடு, உக்காந்து பேசுவோம்னு சொல்லுதான். நான் எங்க போவேன்? எனக்குக் கணியம் தெரியாதே. ஆக்னேசுட்ட கேளு, நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு, அவ தருவாங்கான்."

யாருக்கும் சொல்லாதே என்று ததேயு சொன்னது ஆக்னேசம்மாவுக்கு நினைவிருந்தது. ஆனால் இப்போது சொல்லச் சொல்வதும் ததேயுதானே? உடையவனே கேட்டால் கொடுக்காமல் இருப்பது எப்படி? மணலில் விரலால் கோபுரம் போட்டாள், மலை போட்டாள், ஐஸ் கம்பெனிக் குழாய் போட்டாள், எது எதை மறைக்க வேண்டும் என்று சொன்னாள். சேசடிமை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, போகும்போது காலால் அழித்தான்.

ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு, ஒரு தடவை இடத்தைக் குத்திவைத்துவிட்டால் அது மறக்காது, யார் கேட்டாலும் சொல்லும். கொஞ்ச நாளில் துறைமுகத்துப் பெரிய விசைப்படகுகள் இழுவலையில் களவா மீனாக அள்ளிக்கொண்டு வந்தன. ததேயு மட்டும் கொண்டுவந்த பருமனில், குஞ்சும் சினையும் கல்லும் பாசியுமாக. ஏலக்கூடத்தில் ஆக்னேசம்மா அதைப் பார்த்தாள். சேசடிமையிடம் கேட்டாள். "கடல் பொது தங்கச்சி, அவனுவளும் கண்டுபுடிச்சிருப்பானுவ" என்றான். அவளும் நம்பினாள். நம்பாவிட்டால் மன்னிப்பையும் நம்பக்கூடாதே.

ஊருக்கு மேற்கே புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருந்தது. அங்கே சமையல்கட்டுக்கு மீன் கொடுக்கப் போனாள். எப்போதும் பின்வாசல்தான். அன்றைக்குப் பின்வாசல் கதவு பூட்டியிருந்தது, முன்பக்கமாக வரச் சொன்னார்கள். உள்ளே போனால் கட்டுமரத்தை நிமிர்த்தி வைத்துப் புத்தகம் அடுக்கியிருந்தார்கள். நங்கூரக் கல்லில் பூச்செடி வைத்திருந்தார்கள். பழைய தூண்டில், பழைய மிதவை, பழைய பனையோலைப் பறி, எல்லாவற்றுக்கும் மஞ்சள் விளக்குப் போட்டு, பட்டணத்து ஆட்கள் அதன் முன்னால் நின்று "ச்சோ ச்சோ, என்ன அழகு அந்தக் காலம்" என்று போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு பருத்திக் கயிறு, புளியங்கொட்டைத் தோலில் காய்ச்சிய சாயத்தோடு.

அந்தச் சாயத்தைக் காய்ச்சியவள் ஆக்னேசம்மா. நடுவில் அறுந்த இடத்தை முறுக்கிச் சேர்த்து, தன் ரவிக்கை தைக்க வைத்திருந்த சிவப்பு நூலால் சுற்றிக் கட்டியவளும் அவள்தான். சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

"இது எப்ப வந்துச்சு மக்களே?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"இதா? திறப்புவிழாவுக்கு முன்னாடியே இருக்கு ஆன்ட்டி. சேசடிமை அங்கிள் கொண்டுவந்து தந்தாங்க. இங்க எல்லாத்தையும்விட இதுதான் பழசாம்."

திறப்புவிழா நடந்தபோது கிளீட்டஸின் ஆடு இன்னும் கயிற்றில்தான் நின்றது. ஊரில் ஒரு செத்தவனும் அதுவரை வாய் திறந்திருக்கவில்லை. ஆக்னேசம்மாவுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. கூரை அவன் சொன்னதல்ல, மாத்திரை அவன் சொன்னதல்ல, பச்சைச் சேலை அவன் கேட்டதல்ல. இடுப்பில் கட்டியிருந்த பச்சைச் சேலை அவளுக்கு அந்த இடத்திலேயே அருவருத்தது. மன்னிப்பும் அவன் சொன்னதல்ல. அதை நினைத்ததும் மீன்கூடையை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறினாள்.

நேரே சேசடிமை வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் உட்கார்ந்து எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"கயிறு எங்கண்ணே?"

"உள்ள இருக்கு..."

"எந்த உள்ள? கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா?"

சேசடிமை தலை குனிந்தான். "அந்த ஹோட்டல்காரன் ஆசையாக் கேட்டான். சும்மாதான கெடக்குன்னு குடுத்தேன். பேசும்னு எனக்குத் தெரியுமா? பொறவு நீ குடத்தோட வந்து நின்ன. உன் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ சாப்பிடாமச் செத்துருவன்னு பயந்துதான் அந்த ஒரு பொய்யச் சொன்னேன்."

"அந்த ஒரு பொய்க்கு நான் உங்களக் கும்புட்டிருப்பேன். கணியத்த எதுக்குக் கேட்டீங்க?"

அவன் எஞ்சின் துடைத்த துணியை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"உங்க மச்சான் பேரச் சொல்லி, உங்க மச்சான் பெண்டாட்டிட்ட களவாண்டீங்களே, எதுக்கு?"

"விசைப்படகுக்காரன் என்னைப் பங்காளியாச் சேத்துக்கிடுதேன்னான்" என்றான் சேசடிமை, எஞ்சினைப் பார்த்துக்கொண்டு. "எல்லாருந்தான் முன்னேறுதான். அவன் செத்தும் அந்தப் பார எனக்குத் தரல்லியே தங்கச்சி. கூட்டாளி, கூட்டாளின்னான். ஒரு நாளும் சொல்லல்ல."

அந்தக் கயிற்றை மீட்ட விதத்தைப் புன்னைத்துறைப் பெண்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. குடம் சுமந்த பெண்கள் எல்லாரும் மதிய வெயிலில் பழைய மீன்கூடைகளைக் கொண்டுபோய் ரிசார்ட்டின் வரவேற்பறையில் இறக்கிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தின் அழகை ரசித்துக்கொண்டிருந்த பட்டணத்து ஆட்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்கு ஓடினார்கள். மேனேஜர் தாங்கிப் பார்த்தார், முடியவில்லை. தானே பெட்டியைத் திறந்து, "எடுத்துட்டுப் போங்கம்மா, தாயே" என்று கும்பிட்டார்.

பெண்ணை வள்ளத்தில் ஏற்ற ஒருவரும் முன்வரவில்லை, கிளீட்டஸைத் தவிர. அவனை ஊர் ஏற்கெனவே உருப்படாதவன் என்று சொல்லிவிட்டதால் புதிதாக இழக்க ஒன்றுமில்லை. "ஏறுங்க மைனி" என்றான். ஆக்னேசம்மா மலையையும் கோபுரத்தையும் பார்த்துப் பார்த்து வழி சொன்னாள். கணியம் சேர்ந்த இடத்தில் தண்ணீர் கலங்கி, சேறும் பாசியும் மிதந்தது. கயிற்றை இறக்கினாள். அடியில் மேடு தட்டவில்லை, கல் தட்டவில்லை, கயிறு போய்க்கொண்டே இருந்து கடைசியில் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தது. பல்லில் கடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா?" என்றான் ததேயு.

அவனேதான். அந்தக் கரகரப்பு, அந்த எரிச்சல். எத்தனை மாதமாக அவள் கேட்ட இனிப்புக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை.

"அண்ணைக்கு நான் சொன்ன வார்த்தைய மன்னிச்சிருங்க" என்றாள், கயிற்றை விடாமல்.

"எந்த வார்த்த?"

"கடலோட போங்கன்னு சொன்னனே, திரும்பி வராதீங்கன்னு."

"அது எங்க எனக்குக் கேட்டுச்சு? எதிர்வீட்டுக்காரன் எஞ்சின ஓட்டிப் பாத்துட்டுல்லா இருந்தான். நீ வாய அசச்சது தெரிஞ்சுது. கறிக்கு மீன் கொண்டு வரச் சொல்லுதன்னு நெனச்சேன்."

அவள் அழவும் தெரியாமல் சிரிக்கவும் தெரியாமல் இருந்தாள். அவன் விடவில்லை.

"எல்லார் கயிறும் வந்துச்சு, என் கயிறு மட்டும் வரல. மறந்துட்டியாக்கும்னு கெடந்தேன். பொறவு படகு வந்துச்சு. கல்ல வாரிட்டுப் போனான், குஞ்ச வாரிட்டுப் போனான். எம்மேலேயே இழுத்துட்டுப் போனான். இந்த எடம் எனக்கும் உனக்குந்தான் தெரியும். ஏன் ஆக்னேசு சொல்லிக் குடுத்த?"

"நீங்க கேக்கீங்கன்னு சொன்னாரு, அதனாலதான் சொன்னேன். உங்க மச்சான் என்னை ஏமாத்திட்டாரு. சேசடிமை அண்ணன்தான்..."

"போதும்" என்றான் ததேயு. "சேசடிமை அப்படிச் செய்யமாட்டான். எங்கூடப் பொறக்காத பொறப்பு அவன். செஞ்சதச் செஞ்சிட்டு அவன் தலையில பழியப் போடாத."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியைச் சொன்னாள், சிவப்பு நூலைச் சொன்னாள், புளிக்கறியைச் சொன்னாள். கீழேயிருந்து ஒரே பதில்தான் வந்தது. கடைசியில் பதிலும் வரவில்லை. "என்ன மைனி சொல்லுதாரு?" என்று கிளீட்டஸ் கேட்டான். "வள்ளத்தத் திருப்பு" என்றாள்.

கரையில் இறங்கியதும் கயிற்றை அலசவில்லை, காயப்போடவில்லை. உப்புத் தண்ணீர் சொட்டச்சொட்டத் தெரு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போய்ச் சேசடிமை வீட்டு வாசலுக்குக் குறுக்கே போட்டாள். லில்லி வெளியே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சேசடிமை.

"இந்தாங்கண்ணே, உங்க கயிறு" என்றாள் ஆக்னேசம்மா. "நான் சொன்னத அவரு நம்பல்ல. உங்களத்தான் நம்புதாரு. பெண்டாட்டியவிட, உசிரவிட, உங்களத்தான். நீங்களே போயி, பல்லுல கடிச்சிக்கிட்டு, உங்க வாயால சொல்லுங்க."

அவன் கை கயிற்றை நோக்கி வந்தது, வந்து பாதியில் நின்றுவிட்டது.

தொழில் கயிற்றைத் தாண்டி நடப்பது அந்தத் துறையில் ஆகாத காரியம். அதனால் அந்த வீட்டில் இப்போது எல்லாரும் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போகிறார்கள், வருகிறார்கள். பெரிய படகின் பங்காளி ஆனபிறகும் சேசடிமை குனிந்து, கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறான். கயிறு உப்பில் இற்றுக்கொண்டு வருகிறது. இன்னொரு மழை தாங்குமா தெரியவில்லை. ஆக்னேசம்மா தினமும் காலையில் மீன்கூடையோடு அந்த வழியாகப் போகும்போது வாசலில் நிற்பாள். தெருவே கேட்கிற மாதிரி, "சொல்லியாச்சாண்ணே?" என்று கேட்பாள். உள்ளே ஆள் இருக்கும், பாத்திரச் சத்தம் கேட்கும், பதில் வராது.